பெயர்ப்பலகைக்குப் பணம் கட்டுமுன்... கம்பெனி சொல்லாமல் விடுவது என்ன?

'சென்னையைச் சேர்ந்த டீக்கடைக் கம்பெனி ஒன்று காரைக்காலில் கிளை தருகிறது. 5 லட்சம் கட்டினால் பெயர், மெஷின் பயிற்சி, சரக்கு எல்லாம் அவர்களே கொடுப்பார்களாம். மாதம் 60 ஆயிரம் லாபம் நிச்சயம் என்கிறார்கள். சம்பா அறுவடைப் பணமும், விற்ற ஒரு மா நிலத்தின் பணமும் கையில் இருக்கிறது. கட்டலாமா?' நெடுங்காடு பக்கத்து விவசாயி ஒருவர் கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்பிய கடிதம் இது. டீக்கடைக்குப் பதிலாக மரச்செக்கு எண்ணெய்க் கடை, நாட்டு மாட்டுப் பால் பார்லர், இயற்கை அங்காடி, உரக்கடை என்று பெயர் மாறும். கேள்வி ஒன்றுதான்.

காரைக்கால் காவிரியின் கடைமடை. மேட்டூர் திறந்த தண்ணீர் அரசலாற்றில் வந்து சேர்வதற்குள் குறுவைக்கு நாள் கடந்துவிடும் வருஷங்கள் உண்டு. சம்பாவில் தண்ணீர் கூடிப்போய்ப் பயிர் மூழ்கும் வருஷங்களும் உண்டு. இப்படிப்பட்ட ஊரில், மழையை நம்பாத வருமானம் ஒன்று வேண்டும் என்று ஒரு விவசாயக் குடும்பம் நினைப்பதில் தப்பே இல்லை. அந்த நினைப்பைக் குறிவைத்துத்தான் ஃபிரான்சைஸ் விளம்பரங்களும் வருகின்றன.

ஃபிரான்சைஸ் என்பது எளிய ஏற்பாடு. ஒரு கம்பெனிக்குப் பெயரும் தொழில்முறையும் இருக்கிறது. அந்தப் பெயரை உங்கள் கடையில் மாட்டிக்கொள்ள ஆரம்பக் கட்டணம் வாங்கும். பிறகு மாதாமாதம் விற்பனையில் ஒரு பங்கை ராயல்டியாக வாங்கும். சரக்கையும் பெரும்பாலும் அதனிடமேதான் வாங்க வேண்டும். கடை, வாடகை, ஆள், கடன், நஷ்டம் எல்லாம் உங்களுடையவை. நல்ல கம்பெனியிடம் எடுத்து நன்றாகப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். சிக்கல், நல்ல கம்பெனியையும் மற்றதையும் பிரித்துப் பார்க்கும் தகவல் யார் கையில் இருக்கிறது என்பதில்தான். அது முழுக்க விற்பவர் கையில் இருக்கிறது. வாங்குபவரிடம் இருப்பது வழவழப்பான ஒரு நோட்டீஸ் மட்டும்.

ஈமு சொல்லாமல் விட்டது

தகவல் இல்லாமல் பணம் கட்டினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழக விவசாயிகளிடம் பழைய காயம் ஒன்று இருக்கிறது. ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் இயங்கிய சுசி ஈமு ஃபார்ம்ஸ் நிறுவனம், 1.5 லட்சம் ரூபாய் டெபாசிட் கட்டுபவருக்கு 6 ஈமு குஞ்சுகள் கொடுத்தது. கொட்டகையும் தீவனமும் கம்பெனிப் பொறுப்பு. பராமரிப்புக்கு மாதம் 6,000 ரூபாய், வருஷத்துக்கு 20,000 ரூபாய் போனஸ், 2 வருஷம் கழித்து டெபாசிட் திரும்ப வரும் என்றார்கள். சினிமா முகங்கள் விளம்பரத்தில் வந்தன.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். மாதம் 6,000 வீதம் 24 மாதத்துக்கு 1,44,000. போனஸ் 40,000. ஆக 1,84,000. போட்ட 1.5 லட்சமும் திரும்பும். வருஷத்துக்கு 61 சதவிகித வட்டி! எந்தப் பறவை இவ்வளவு சம்பாதித்துக் கொடுக்கும்? ஈமு இறைச்சிக்கும் எண்ணெய்க்கும் நம் நாட்டில் சொல்லிக்கொள்ளும்படி சந்தையே இல்லை. குஞ்சுகளை வாங்கியவர்கள் எல்லாம் அடுத்து வளர்க்க வந்தவர்கள்தான். புதிதாகச் சேர்ந்தவர் கட்டிய பணம், பழையவருக்கு மாதப் பணமாகப் போனது. சேருகிறவர் குறைந்தபோது, 2012 ஆகஸ்ட்டில் எல்லாம் நின்றது. பட்டியில் விடப்பட்ட பறவைகளுக்கு அரசின் கால்நடைத் துறை தீவனம் போட வேண்டியதாயிற்று. தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-ன் கீழ் வழக்குகள் நடந்தன. நிறுவனத்தின் நிர்வாக இயக்குநருக்குக் கோவை சிறப்பு நீதிமன்றம் 10 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது. தண்டனை கிடைத்தது சரி. டெபாசிட் கட்டியவர்கள் வருஷக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடந்தார்கள்.

ஈமு திட்டம் ஃபிரான்சைஸ் இல்லை, ஒப்பந்த வளர்ப்பு என்ற பெயரில் வாங்கிய டெபாசிட். ஆனால் உள்ளே இருந்த ஓட்டை அதே ஓட்டை. 'இதுவரை எத்தனை பேர் சேர்ந்திருக்கிறார்கள், எத்தனை பேர் விலகினார்கள், கம்பெனியின் வருமானத்தில் பறவை விற்று வந்தது எவ்வளவு, டெபாசிட்டாக வந்தது எவ்வளவு?' இந்த நான்கு கேள்விக்குக் கையெழுத்துப் போட்ட பதிலைப் பணம் வாங்குமுன் கொடுத்தாக வேண்டும் என்றிருந்தால், அந்தத் திட்டம் எத்தனை நாள் ஓடியிருக்கும்?

பிரான்ஸில் 20 நாள்

காரைக்காலுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1954 நவம்பர் 1 வரை இந்த ஊரை ஆண்ட பிரான்ஸில், இந்தக் கேள்விகளுக்குச் சட்டமே இருக்கிறது. 1989 டிசம்பர் 31-ல் வந்த அந்தச் சட்டத்துக்கு 'துபேன் சட்டம்' என்று பெயர். ஒரு கம்பெனி தன் பெயரையும் சின்னத்தையும் இன்னொருவருக்குக் கொடுத்து, 'வேறு கம்பெனிச் சரக்கு விற்கக் கூடாது' என்று கட்டுப்படுத்தினால், கையெழுத்துக்கு 20 நாளுக்கு முன்பே தகவல் ஆவணம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். கம்பெனி எத்தனை வருஷமாக இருக்கிறது, அந்த ஊர்ச் சந்தை எப்படி, எத்தனை கிளை இருக்கிறது, கடந்த ஒரு வருஷத்தில் எத்தனை கிளை விலகியது என்பதெல்லாம் அதில் இருக்கும். அங்கே கடை வைத்திருக்கும் காரைக்கால் சொந்தங்களைக் கேட்டால் 'டி.ஐ.பி.' என்று அதன் சுருக்கப் பெயரைச் சொல்வார்கள்.

இதில் முன்னோடி அமெரிக்கா. கலிஃபோர்னியா மாநிலம் 1970-ல் தனிச் சட்டம் போட்டது. 1979 முதல் நாடு முழுவதற்குமான விதி நடைமுறைக்கு வந்தது. இன்று அங்கே 23 தலைப்புகளில் தகவல் எழுதி, கையெழுத்துக்கோ பணத்துக்கோ 14 நாள் முன்னால் கொடுக்க வேண்டும். கம்பெனி நடத்துபவர்கள் மீது இருக்கும் வழக்கு, திவால் கதை, தணிக்கை செய்த கணக்கு எல்லாம் வெளியே வந்துவிடும். மாத லாபம் இவ்வளவு என்று சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் சொன்னால், அதற்கு ஆதாரம் இருக்க வேண்டும். அந்த ஆவணத்திலேயே எழுத வேண்டும். வாயில் '60 ஆயிரம் நிச்சயம்' என்று சொல்லிவிட்டு நழுவ முடியாது. கடந்த ஒரு வருஷத்தில் கடையை விட்டுப் போனவர்களின் பெயரையும் தொடர்பையும் கொடுக்க வேண்டும் என்பதுதான் இவற்றில் உயிரான விதி. கடை நடத்துகிறவர் கம்பெனியைப் பற்றிக் குறை சொல்லத் தயங்குவார். விட்டுப்போனவருக்கு அந்தத் தயக்கம் இருக்காது.

தமிழர்கள் நிறைய வாழும் மலேசியாவில் 1998-ல் தனிச் சட்டம் வந்தது. கம்பெனி முதலில் பதிவு செய்ய வேண்டும். கையெழுத்துக்கு 10 நாள் முன்பு தகவல் ஆவணம் தர வேண்டும். கையெழுத்துப் போட்ட பிறகும் மனம் மாறினால் விலக, குறைந்தது 7 வேலை நாள் அவகாசம் உண்டு. சீனா இன்னொரு வழியில் போனது. 2007 விதிப்படி, சொந்தமாக 2 கடையாவது ஒரு வருஷத்துக்கு மேல் நடத்திக் காட்டிய பிறகுதான் அடுத்தவருக்குக் கிளை விற்க முடியும். தான் நட்டுப் பார்க்காத நாற்றை ஊருக்கு விற்காதே என்பது மாதிரி.

இந்தியாவில் மௌனத்துக்கு இடம்

இந்தியாவில் ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் இல்லை. பதிவு கிடையாது, முன்கூட்டித் தகவல் தர வேண்டிய கட்டாயமும் கிடையாது. 2003-ல் சேவை வரி போடுவதற்காக 'ஃபிரான்சைஸ் என்றால் என்ன' என்று வரிச் சட்டத்தில் விளக்கம் எழுதினார்கள். வரி வாங்க வேண்டும் என்றபோது அரசுக்கு இந்தத் தொழில் கண்ணில் பட்டது. பணம் போடுபவரைக் காக்க இன்னும் படவில்லை.

நம் நாட்டில் இப்படிப்பட்ட விதிகள் அடிபட்ட பிறகுதான் வருகின்றன. 1990-களில் தேக்கு வளர்ப்புத் திட்டங்கள் ஊரெல்லாம் விற்றன. சென்னையின் அனுபவ் பிளான்டேஷன்ஸ் 1998-ல் சரிந்தது. கூட்டு முதலீட்டுத் திட்டங்களுக்கு செபியின் விதிமுறைகள் 1999-ல் வந்தன. அனுமதியில்லாத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2019-ல் வந்தது. ஃபிரான்சைஸ் இன்னும் வரிசையில் நிற்கிறது.

அதுவரை கையில் இருப்பது 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம். அதன் 17-ம் பிரிவு மோசடியைச் சொல்கிறது. 18-ம் பிரிவு தவறான தகவலைச் சொல்கிறது. 19-ம் பிரிவின்படி இப்படிப் பெறப்பட்ட சம்மதத்தை ஏமாந்தவர் ரத்து செய்யலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 17-ம் பிரிவிலேயே ஒரு விளக்கம் இருக்கிறது: வெறுமனே பேசாமல் இருந்தது மோசடி ஆகாது, பேச வேண்டிய கடமை இருந்தால் தவிர. 19-ம் பிரிவில் இன்னொரு விலக்கு இருக்கிறது: சாதாரணமாக விசாரித்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும் என்றால், தவறான தகவலையோ மௌனத்தையோ காரணம் காட்டி ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடியாது.

இதைக் கிராமத்துப் பேச்சில் சொன்னால், மாடு விற்பவர் அது உதைக்கும் என்று தானாகச் சொல்ல வேண்டியதில்லை. 'உதைக்குமா?' என்று கேட்டீர்கள், 'உதைக்காது' என்று பொய் சொன்னார் என்றால் அவர் மாட்டிக்கொள்வார். ஆகவே நம் நாட்டில் கேள்வி கேட்பதுதான் பாதுகாப்பு. அதையும் எழுத்தில் கேட்க வேண்டும். 'மேலே கண்டவை தவிர வேறு வாக்குறுதி எதுவும் தரப்படவில்லை' என்ற வரி ஏறக்குறைய எல்லா ஒப்பந்தத்திலும் இருக்கும். அந்த வரியின் கீழ் கையெழுத்துப் போட்டுவிட்டு, மார்க்கெட்டிங் பையன் போனில் சொன்னதை வைத்து வாதாடுவது பெரும்பாடு.

நாமே கேட்டு வாங்கும் ஆவணம்

சட்டம் தராத தகவல் ஆவணத்தை நாமே கேட்டு வாங்கலாம். ஒரு வெள்ளைத்தாளில் கேள்விகளை எழுதி, கம்பெனியின் மின்னஞ்சலுக்கோ பதிவுத் தபாலிலோ அனுப்பி, பொறுப்பான ஒருவரின் கையெழுத்தோடு பதில் கேளுங்கள். பதில் வராவிட்டால் அதுவே பதில்.

முதல் கேள்வி, மூடிய கடைகள். 3 வருஷத்தில் எத்தனை கிளை திறந்தது, எத்தனை மூடியது, எத்தனை கை மாறியது? மூடியவர்களின் ஊரும் போன் நம்பரும் வேண்டும். 'தமிழ்நாடு முழுக்க 200 கிளை' என்று சொல்லும் கம்பெனியிடம் கேட்க வேண்டியது, அதில் 3 வருஷம் தாண்டியவை எத்தனை என்பதுதான். பிறகு பஸ் ஏறிப்போய், கம்பெனி காட்டாத இரண்டு கடையில் உட்கார்ந்து டீ குடியுங்கள். ஒரு முழு நாள் இருந்து எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணுங்கள். வயலில் கதிர் எண்ணிப் பார்த்து மகசூல் கணக்கிடத் தெரிந்தவருக்கு இது கஷ்டமான வேலை இல்லை.

அடுத்தது, பெயர் யாருடையது? வணிகச் சின்னம் கம்பெனி பெயரில் பதிவாகியிருக்கிறதா, விண்ணப்ப நிலையிலேயே நிற்கிறதா, அல்லது இயக்குநரின் மச்சான் பெயரில் இருக்கிறதா? வணிகச் சின்னப் பதிவகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கம்பெனி பதிவான தேதி, இயக்குநர்கள், கணக்குத் தாக்கல் விவரம் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் கிடைக்கும். சில ஆவணங்களுக்குச் சிறு கட்டணம் உண்டு. 3 வருஷக் கணக்கை வாங்கி, ஊரில் இருக்கும் ஆடிட்டரிடம் ஒரே ஒரு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள்: வருமானத்தில் பெரும்பகுதி ராயல்டியா, ஆரம்பக் கட்டணமா? கிளைகள் நன்றாக ஓடினால் ராயல்டி பெருகும். ஆரம்பக் கட்டணத்திலேயே வண்டி ஓடுகிறது என்றால், அது டீ விற்கும் கம்பெனி இல்லை, கிளை விற்கும் கம்பெனி. ஈமு கதை நினைவுக்கு வர வேண்டிய இடம் இது.

மூன்றாவது, லாபக் கணக்கு. நோட்டீஸில் போட்ட கணக்கை அப்படியே நம்பாமல், நம் கணக்கை நாமே போட வேண்டும். உதாரணத்துக்கு ஒன்று. ஆரம்பக் கட்டணம் 5 லட்சம் என்பார்கள். அதற்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி. 90,000. உணவகங்கள் 5 சதவிகித வரியில் இருக்கும்போது, கட்டிய இந்த வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. ஆக 5.9 லட்சம். கடை அலங்காரம், மெஷின், அட்வான்ஸ் என்று இன்னொரு 8.1 லட்சம் என்று வைத்தால் மொத்தம் 14 லட்சம். நாள் விற்பனை 8,000 என்றால் மாதம் 2,40,000. பால், தூள், தின்பண்டச் சரக்கு 45 சதவிகிதம் என்றால் 1,08,000. மாஸ்டர், உதவியாள் என 4 பேருக்குச் சம்பளம் 48,000. வாடகை 20,000. கரன்ட், கேஸ் 18,000. சேதாரம், சில்லறைச் செலவு 7,000. ராயல்டி 5 சதவிகிதம், விளம்பர நிதி 2 சதவிகிதம், இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. சேர்த்து 19,824. மிஞ்சுவது 19,176 ரூபாய். 14 லட்சத்துக்கு 11 சதவிகித வட்டி மாதம் சுமார் 12,800. கையில் நிற்பது 6,300 சொச்சம். அசல் இன்னும் கட்டவில்லை. உங்கள் உழைப்புக்கும் கூலி போடவில்லை.

இதே கடையில் நாள் விற்பனை 8,000-த்திலிருந்து 6,500-க்கு இறங்கினால், வட்டிக்கு முன்பே மாதம் 1,857 ரூபாய் நஷ்டம். அந்த மாதமும் ராயல்டி கட்ட வேண்டும். ராயல்டி லாபத்தில் பங்கு இல்லை, விற்பனையில் பங்கு. குத்தகை நெல் மாதிரி. விளைந்தாலும் விளையாவிட்டாலும் அளந்தாக வேண்டும். இதில் உள்ள எண்கள் ஊருக்கு ஊர் மாறும். உங்கள் எண்ணைப் போட்டு, விற்பனை 20 சதவிகிதம் குறைந்தால் என்ன ஆகும் என்று பார்த்த பிறகு முடிவெடுங்கள்.

காரைக்காலில் இன்னொரு கணக்கும் சேரும். திருநள்ளாற்றுக் கூட்டத்தைக் காட்டித்தான் இங்கே பல கம்பெனிகள் பேசும். சனிக்கிழமைக் கூட்டம் உண்மை. சனிப்பெயர்ச்சிக்கு வரும் கூட்டமும் உண்மை. ஆனால் அது இரண்டரை வருஷத்துக்கு ஒரு முறை. மாங்கனித் திருவிழா ஆனியில் மட்டும். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடையில் யார் இருப்பார்கள் என்பதை வைத்துத்தான் வாடகை கொடுக்க முடியும்.

எல்லை எங்கே முடிகிறது?

கிளை எடுப்பவருக்கு 'உங்கள் பகுதியில் வேறு யாருக்கும் தர மாட்டோம்' என்று எல்லை உரிமை கொடுப்பார்கள். சென்னையில் அச்சடித்த ஒப்பந்தத்தில் 'நாகப்பட்டினம் மாவட்டம்' என்றோ 'தமிழ்நாடு' என்றோ இருக்கும். காரைக்கால் இரண்டிலும் இல்லை. வடக்கே மயிலாடுதுறை மாவட்டம், தெற்கே நாகை மாவட்டம், நடுவில் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு துண்டு. நாகூரில் இன்னொருவர் அதே கடையைத் திறந்தால், நிரவி, திருமலைராயன்பட்டினம் வாடிக்கை பாதி அங்கே போய்விடும். பொறையாரில் ஒன்று திறந்தால் கோட்டுச்சேரிப் பக்கத்து வாடிக்கை போகும். ஆகவே எல்லையை மாவட்டப் பெயரில் எழுதாமல், 'கடையிலிருந்து இத்தனை கிலோமீட்டர், மாநில எல்லை எதுவானாலும்' என்று எழுதி வாங்குவது நல்லது.

வரியிலும் இந்த எல்லை குறுக்கே நிற்கும். பொருள் மட்டும் விற்கும் கடைக்குத் தமிழ்நாட்டில் வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டினால்தான் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயம். புதுச்சேரியில் அந்த வரம்பு 20 லட்சம். தமிழ்நாட்டுக் கிளையின் கணக்கைக் காட்டி 'பதிவே வேண்டாம்' என்று சொன்னால் நம்ப வேண்டாம். நாகூர் வீட்டுக்கோ கடைக்கோ சரக்கை அனுப்பி விற்றால் அது வெளிமாநில விற்பனை; பொருள் விற்பவருக்கு விற்பனை அளவு எதுவானாலும் பதிவு தேவைப்படும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் அப்படி விற்கவே முடியாது. மரச்செக்கு எண்ணெயை ஆற்றுக்கு அந்தப் பக்கம் டோர் டெலிவரி செய்யலாம் என்று கணக்குப் போட்டிருப்பவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

உரம், பூச்சிமருந்து, விதைக் கடையென்றால் மூன்றுக்கும் தனித்தனி உரிமம். கம்பெனி தமிழ்நாட்டில் வைத்திருக்கும் உரிமம் இங்கே செல்லாது; புதுச்சேரி அரசின் வேளாண் துறையில்தான் வாங்க வேண்டும். உரக்கடைக்குக் கல்வித் தகுதியோ பயிற்சிச் சான்றிதழோ கேட்பார்கள். உரிமம் கிடைக்காவிட்டால் கட்டிய பணம் திரும்புமா என்பதை ஒப்பந்தத்தில் பாருங்கள். பெரும்பாலும் 'எக்காரணத்தைக் கொண்டும் திருப்பித் தரப்படாது' என்றே இருக்கும். அதை அடித்து எழுதச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மற்ற சில வரிகளையும் கையெழுத்துக்கு முன் படித்துவிட வேண்டும். ஒப்பந்தம் 5 வருஷம், கடை வாடகைப் பத்திரம் 11 மாதம் என்றால், கடைக்காரர் காலி செய்யச் சொல்லும் நாளில் அலங்காரச் செலவு அத்தனையும் போகும். தகராறு வந்தால் டெல்லியிலோ மும்பையிலோ மத்தியஸ்தம், மத்தியஸ்தரை நாங்களே நியமிப்போம் என்று கம்பெனி எழுதியிருக்கும். தகராறில் சம்பந்தப்பட்ட ஒரு தரப்பே தனி ஆளாக மத்தியஸ்தரை நியமிப்பது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொல்லிவிட்டது. ஆனால் ஊர் டெல்லி என்றிருந்தால் ரயில் டிக்கெட் உங்கள் செலவு. காரைக்கால் அல்லது சென்னை என்று மாற்றக் கேளுங்கள். ஒப்பந்தம் நடக்கும் காலத்தில் போட்டிச் சரக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனை செல்லும் என்பது கோகோ கோலா கம்பெனிக்கும் குஜராத் பாட்டிலிங் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 1995-லேயே முடிவானது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் 3 வருஷம் டீக்கடையே வைக்கக் கூடாது என்றால், ஒப்பந்தச் சட்டத்தின் 27-ம் பிரிவு உங்கள் பக்கம் நிற்கும். தேதி போடாத காசோலை கேட்டால் கொடுக்க வேண்டாம். தகராறு வந்த மறுவாரம் அது வங்கிக்குப் போகும். திரும்பினால் கிரிமினல் வழக்கு உங்கள் மேல்தான்.

எல்லாமே மோசம் என்று சொல்வதற்கில்லை. பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் 2018-ல் பெட்ரோல் பங்க் டீலர் விளம்பரம் கொடுத்தபோது, ஒவ்வோர் இடத்துக்கும் எதிர்பார்க்கும் மாத விற்பனை அளவு, தேவையான நிலம், கட்டணம், டெபாசிட், குலுக்கல் முறை எல்லாவற்றையும் கையேடு போட்டு முன்கூட்டியே வெளியிட்டன. தகவல் தந்து கிளை கொடுப்பது நம் நாட்டிலும் முடிகிற காரியம்தான் என்பதற்கு அது சாட்சி.

வாசகர் கேள்விகள்

'அமுல் பார்லர் தருவதாக இணையதளத்தில் விண்ணப்பம் நிரப்பினேன். பதிவுக் கட்டணம் கட்டச் சொல்லி போன் வருகிறது. கட்டலாமா?'

கட்ட வேண்டாம். அமுல் பெயரில் போலித் தளங்கள் நடத்திப் பணம் பறித்தவர்களுக்கு எதிராக, அமுலை நடத்தும் குஜராத் கூட்டுறவு பால் விற்பனைக் கூட்டமைப்பே 2020-ல் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போய்த் தடை வாங்க வேண்டியிருந்தது. நிறுவனத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் உள்ள எண்ணுக்கு நீங்களே அழைத்து விசாரியுங்கள். உங்களுக்கு வந்த எண்ணை நம்பாதீர்கள். தனி நபர் வங்கிக் கணக்குக்குப் பணம் கேட்டால், பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். ஏற்கெனவே கட்டியிருந்தால், 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரத்திலும் பணம் இன்னொரு கணக்குக்கு நகர்ந்துவிடும்.

'டெபாசிட் கட்டினால் கடையைக் கம்பெனியே நடத்தும், மாதம் நிலையான தொகை நமக்கு வரும் என்கிறார்கள். இது ஃபிரான்சைஸ்தானா?'

பெயர் மட்டும்தான் ஃபிரான்சைஸ். கடை நடத்தும் வேலை உங்களுக்கு இல்லை, நிலையான வருமானம் உண்டு, அசலும் திரும்பும் என்றால் அது பெரும்பாலும் டெபாசிட் திட்டம். அதற்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் 2019-ம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் அது குற்றம். புதுச்சேரிக்கு டெபாசிட்தாரர் பாதுகாப்புக்கென 2004-ம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. நியூ ஹொரைசன் சர்க்கரை ஆலை வழக்கில் அந்தச் சட்டம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2012-ல் தீர்ப்பளித்தது. சொத்துகளை முடக்கி டெபாசிட்தாரர்களுக்குப் பகிர அதில் வழி உண்டு. போலீஸில் புகார் கொடுக்கும்போது இந்தச் சட்டங்களின் பெயரைக் குறிப்பிட்டு எழுதுங்கள்.

'ஒரு வருஷம் முன்பு 4 லட்சம் கட்டிக் கிளை எடுத்தேன். சொன்ன சரக்கு வரவில்லை. பக்கத்துத் தெருவிலேயே இன்னொருவருக்கும் கொடுத்துவிட்டார்கள். என்ன செய்வது?'

முதலில் கையில் இருப்பதைச் சேர்த்து வையுங்கள்: ஒப்பந்தம், ரசீது, வங்கி விவரம், விளம்பர நோட்டீஸ், வாட்ஸ்அப் பேச்சு, சரக்குக் கேட்டு அனுப்பிய தகவல்கள். பிறகு வழக்கறிஞர் மூலம் நோட்டீஸ் அனுப்புங்கள். சொன்னது பொய் என்று தெரிந்த பிறகும் மாதங்கள் பேசாமல் தொடர்ந்தால், நீங்கள் ஏற்றுக்கொண்டதாக எதிர்த்தரப்பு வாதிடும். சிவில் வழக்கில் ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்க, உண்மை தெரிந்த நாளிலிருந்து 3 வருஷம் அவகாசம்.

நுகர்வோர் ஆணையமும் ஒரு வழி. வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார் என்று கம்பெனி சொல்லும். ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்காக மட்டும் பொருள் வாங்கிப் பயன்படுத்துபவருக்கு 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கு தருகிறது. நீங்களும் குடும்பத்தாரும் கடையில் நின்று உழைக்கிறீர்கள் என்பதைப் புகாரில் தெளிவாக எழுதுங்கள். கம்பெனி எங்கே இருந்தாலும், நீங்கள் வசிக்கும் பகுதிக்கு உரிய மாவட்ட ஆணையத்திலேயே புகார் செய்யலாம். காலவரம்பு 2 வருஷம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் புகார்க் கட்டணம் கிடையாது. வழக்கறிஞர் செலவுக்கு வழியில்லாவிட்டால், நீதிமன்றத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச உதவி உண்டு. ஒரு வருஷம் ஏற்கெனவே போய்விட்டது. நோட்டீஸை இந்த மாதமே அனுப்பிவிடுங்கள்.